கரையில் தொங்கிய டோக்கன்

கிட்ட வாருங்கள், கண்ணுகளே. இன்னும் கொஞ்சம் கிட்ட. கையில் இருக்கும் போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு வாருங்கள். அரை மணித்தியாலம் அது வாய் மூடிக் கிடந்தால் உலகம் கவிழ்ந்துவிடாது. உங்களுக்கு ஒரு கதை வைத்திருக்கிறேன். ஒரு பிள்ளை கடலுக்குள் இருக்கும்போது, அவள் கரைக்கு வந்துவிட்டாள் என்று ஒரு பலகை சொன்ன கதை. நடுவில் யாருக்காவது நெஞ்சு படபடத்தால் பக்கத்தில் இருப்பவரின் கையைப் பிடித்துக்கொள்ளுங்கள். பிள்ளைக்கு என்ன ஆயிற்று என்று சொல்லாமல் உங்களை எழும்ப விடமாட்டேன்.

திருகோணமலைத் துறைமுகத்தில், சீனக்குடாப் பக்கமாக, தண்ணீரைப் பார்த்தபடி ஒரு சர்வதேசப் பாடசாலை இருந்தது. கழுத்துப்பட்டி கட்டிய பிள்ளைகள், குளிரூட்டிய வகுப்பறைகள், பின்னேரம் ஆனால் சதுரங்கம், வயலின், விவாதம், ரோபோ, நீச்சல் என்று ஒன்றன்பின் ஒன்றாகப் பயிற்சிகள். அங்கே ஒன்பதாம் வகுப்பு வாசலில் ஒரு பலகை தொங்கியது. இருபத்திரண்டு கொளுக்கிகள். ஒவ்வொன்றுக்கும் ஒரு மர டோக்கன், ஒவ்வொரு டோக்கனிலும் ஒரு பிள்ளையின் பெயர். ஒரு பக்கம் பச்சை, மறுபக்கம் சிவப்பு. காலையில் வந்ததும் பிள்ளை தன் டோக்கனை எடுத்து மாட்ட வேண்டும். மனமும் உடம்பும் நன்றாக இருந்தால் பச்சை தெரிய மாட்டலாம். ஏலாவிட்டால் சிவப்பு. சிவப்பு மாட்டிய பிள்ளையைப் பிரசாந்தினி மிஸ் கூப்பிட்டுக் கதைப்பார். வீட்டுக்கு ஒரு போன் போகும். அன்றைக்குப் பின்னேரப் பயிற்சி கிடையாது, ஓய்வு.

பிரசாந்தினி மிஸ் மாணவர் நலனுக்குப் பொறுப்பானவர், நல்ல மனிசி. பிள்ளைகள் வாய் திறந்து சொல்லக் கூச்சப்படுவதை ஒரு மரத்துண்டாவது சொல்லட்டும் என்றுதான் அந்தப் பலகையைச் செய்வித்தார். செய்தவர் அதோடு நின்றிருக்கலாம். பிள்ளைகளுக்கு உற்சாகம் வரட்டும் என்று ஒரு பரிசும் வைத்தார். ஒரு மாதம் முழுக்க எல்லா டோக்கனும் பச்சையாக இருக்கிற வகுப்புக்குச் சூரியன் போட்ட மஞ்சள் கொடியும், புறாத்தீவுக்கு ஒருநாள் படகுப் பயணமும். காலை எட்டு மணிக்குப் பலகையைப் படம் பிடித்துப் பெற்றோரின் வட்ஸ்அப் குழுவுக்கும் அனுப்பிவிடுவார். அம்மாமார் அந்தப் பச்சையைப் பார்த்துவிட்டு நிம்மதியாக வேலைக்குப் போவார்கள்.

அதன் பிறகு யாருக்குச் சிவப்பு மாட்டத் துணிவு வரும், சொல்லுங்கள்? பிந்தி வருகிறவனின் டோக்கனை மற்றவன் பச்சையாக மாட்டினான். வயிற்றுவலிக்காரியின் டோக்கனைச் சிநேகிதி பச்சையாக மாட்டினாள். ஒருவரின் டோக்கனை இன்னொருவர் மாட்டுவது அந்த வகுப்பில் ஒரு பழக்கமாகவே போயிற்று. நல்ல மனத்தோடு செய்த பழக்கம்தான்.

ஆடி மாதத்துக் கடைசிப் பாடசாலை நாள், ஒரு வியாழக்கிழமை. அதுவரைக்கும் ஒன்பதாம் வகுப்பில் ஒரு சிவப்புக்கூட விழவில்லை.

அன்று காலை கீர்த்தனி தன் டோக்கனைக் கையில் வைத்துக்கொண்டு பலகைக்கு முன்னால் நின்றாள். பதினான்கு வயது, மெலிந்த பிள்ளை, தடித்த கண்ணாடி. திங்கள் வயலின், செவ்வாய் விவாதம், புதன் ரோபோ, வியாழன் கடல் நீச்சல், வெள்ளி சதுரங்கம், சனி நடனம். அவளுடைய வாரத்தில் ஞாயிறுதான் மிச்சம். அதிலும் ரியூசன் ஏறிவிட்டது.

பக்கத்தில் ஷிஃபானா வந்து நின்றாள். கிண்ணியாவிலிருந்து தினமும் பாலம் கடந்து பாடசாலை வான் வண்டியில் வருகிறவள். வகுப்புத் தலைவி, கலகலப்பானவள், கீர்த்தனிக்கு உயிர்ச் சிநேகிதி. கடல் நீச்சலிலும் இருவரும் ஒரு சோடி.

"ஷிஃபா, எனக்கு இண்டைக்கு ஏலாமக் கிடக்கடி," என்றாள் கீர்த்தனி.

"காய்ச்சலா?"

"தெரியேல்ல. முழங்கால் நடுங்குது. ஒழுங்கா நித்திரையும் இல்ல. காலமை சாப்பிடவும் மனம் வரேல்ல." சொல்லிக்கொண்டே டோக்கனைச் சிவப்புப் பக்கம் திருப்பினாள்.

பின்னாலிருந்து ஒரு கூச்சல். சிந்துஜன்தான். வாய் ஓயாத பையன். "ஐயோ கீர்த்தனி, கையை எடு! மாதம் முழுக்கக் கட்டிக் காத்துப்போட்டுக் கடைசி நாளில கவிழ்க்கப் போறியா? நாளைக்கு நீ விரும்பினாச் சிவப்பில உருண்டு பிரள், ஆர் கேக்கிறது?"

"புறாத்தீவு போச்சு," என்று இன்னொருத்தி முணுமுணுத்தாள்.

ஷிஃபானாவுக்கு வேறொரு கணக்கும் இருந்தது. மாகாணப் போட்டிக்கு எந்தச் சோடி போவது என்று அன்று பின்னேரம்தான் தெரிவு. கீர்த்தனி சிவப்பு மாட்டினால் நீச்சல் இல்லை. அவள் இல்லாவிட்டால் ஷிஃபானாவும் இல்லை. அதை அவள் வாய்விட்டுச் சொல்லவில்லை.

"ஒரு நாள்தானேடி. பின்னேரம் நான் பக்கத்திலயே இருப்பன்," என்றாள். சிரித்துக்கொண்டே டோக்கனைக் கீர்த்தனியின் விரல்களுக்கிடையிலிருந்து உருவி, பச்சைப் பக்கம் திருப்பிக் கொளுக்கியில் மாட்டினாள்.

வகுப்பு கைதட்டியது. கீர்த்தனியும் சிரித்தாள். எட்டு மணிக்குப் படம் போயிற்று. கீர்த்தனியின் தாய் அதைப் பார்த்துவிட்டு ஒரு இதயப் படம் அனுப்பினாள்.

இனிப் பின்னேரம். கேளுங்கள்.

பாடசாலைக்குக் கீழே சின்னக் கடற்கரை. பயிற்சி முடிந்ததும் வீட்டுக்குப் போகிற பாடசாலை பஸ் அங்கேயே வந்து நிற்கும். உட்துறைமுகம் என்பதால் அலை இல்லை. கரையிலிருந்து இருநூறு மீற்றரில் மஞ்சள் மிதவை. அதைச் சுற்றிக்கொண்டு திரும்பி வர வேண்டும். வழியில் இடப்புறமாக, வெகுகாலம் கைவிடப்பட்ட ஒரு துருப்பிடித்த பாரப்படகு நங்கூரமிட்டுக் கிடந்தது. அதை எல்லாரும் பார்ஜ் என்பார்கள். அந்த மாதத்தில் நண்பகல் தாண்டினால் கச்சான் காற்று எழும்பும். எங்கள் பக்கத்துக் கச்சானை உங்களுக்குத் தெரியுமே. நிலத்திலிருந்து கடலுக்குள் தள்ளுகிற காற்று. கரையிலிருந்து பார்த்தால் தண்ணீர் தட்டையாக, சாதுவாகத் தெரியும். உள்ளே நிற்கிறவனுக்குத்தான் அது எவ்வளவு இழுக்கிறது என்று புரியும்.

நீச்சல் பழக்குகிறவர் துவாரகன் சேர். அவரும் கரையில் ஒரு பலகை வைத்திருந்தார். அதற்கு இரண்டு பக்கம்: 'கடல்', 'கரை'. வகுப்பு வாசலில் தொங்கும் அதே டோக்கன்களைத்தான் ஒரு பையில் போட்டுக் கீழே கொண்டுவருவார்கள்.

"உன்ர டோக்கன் உன்ர கையால," என்று ஒவ்வொரு வியாழனும் சொல்லுவார். "தண்ணிக்குள்ள இறங்கேக்க 'கடல்' பக்கம் மாட்டு. ஏறி வந்தாக் 'கரை'ப் பக்கம் மாட்டு. ஆர் உள்ளுக்க, ஆர் வெளியில எண்டு எனக்கு இந்தப் பலகைதான் கண். அது பொய் சொன்னா நான் குருடன்."

இன்னும் இரண்டு சைகைகள் பழக்கியிருந்தார். தண்ணீரில் இருக்கிற பிள்ளை உச்சந்தலையில் கையை வைத்தால், 'நான் சுகம்'. கையை உயர்த்தி வீசினால், 'உதவி'.

அன்று பன்னிரண்டு பேர் இறங்கினார்கள், ஆறு சோடி. சிந்துஜனுக்குக் காதுவலி, ஆகவே நேரம் பார்க்கும் கடிகாரம் அவன் கையில். ஒரு சோடியின் இரண்டு டோக்கனும் 'கரை'ப் பக்கம் ஏறினால்தான் அந்தச் சோடிக்கு நேரம் நிற்கும்.

இறங்குமுன் கீர்த்தனி கண்ணாடியைக் கழற்றிக் கூட்டில் வைத்து ஷிஃபானாவிடம் கொடுத்தாள். எப்போதும் அப்படித்தான். கண்ணாடி இல்லாவிட்டால் அவளுக்கு நாலு அடிக்கு அப்பால் எல்லாம் பால்போல மங்கல். ஆகவே ஷிஃபானா அதைத் தன் பையில் பத்திரப்படுத்தி, அவள் ஏறி வந்ததும் கையில் வைப்பாள்.

போகும்போது சரியாகப் போனார்கள். மிதவையைச் சுற்றினார்கள். திரும்பும்போதுதான் காற்று எதிரே நின்றது. பாதி வழியில் கீர்த்தனி பின்தங்கினாள்.

"வாடி!" என்றாள் ஷிஃபானா, மூச்சு வாங்க.

"நீ போ. நான் வாறன்."

சோடி பிரியக்கூடாது என்பது ஷிஃபானாவுக்குத் தெரியும். பக்கத்திலேயே இருப்பேன் என்று காலையில் சொன்னதும் தெரியும். ஆனால் முன்னால் இன்னொரு சோடி கைவீசிப் போய்க்கொண்டிருந்தது. அவள் போனாள்.

சற்றுப் பின்னால் பாதுகாப்புப் படகு வந்தது. ஓட்டுகிறவர் அபூதாஹிர், கிண்ணியாவில் ஐம்பது வருடம் தொழில் செய்த மீன்பிடிகாரர். துவாரகன் சேர் அவரை 'நானா', அதாவது அண்ணன், என்றுதான் கூப்பிடுவார். கீர்த்தனிக்குப் பக்கத்தில் இயந்திரத்தைக் குறைத்தார். "என்ன புள்ள, ஏலுமா?"

கீர்த்தனி உச்சந்தலையில் கையை வைத்தாள். சுகம்.

அந்த நேரம் பார்த்து மிதவைக்கு அப்பால் ஒரு பையன் கையை வீசினான். கடைசிச் சோடியைக் காற்று அங்கேயே தடுத்து வைத்திருந்தது. அபூதாஹிர் படகைத் திருப்பிக்கொண்டு அந்தப் பக்கம் விரைந்தார்.

ஷிஃபானா கரையேறி ஓடினாள். தன் டோக்கனை எடுத்துக் 'கரை'யில் மாட்டினாள். திரும்பிப் பார்த்தாள். முப்பது கைவீச்சுத் தூரத்தில், பார்ஜுக்கு இந்தப் பக்கம், கீர்த்தனியின் பச்சை நீச்சல் தொப்பி தெரிந்தது.

"மற்றதையும் போடடி!" என்று கத்தினான் சிந்துஜன், கடிகாரத்தைப் பார்த்தபடி. "அவள் இந்தா வந்திட்டாள்தானே! நாலு செக்கனில போட்டியெண்டா நீங்கள்தான் முதல்!"

கை தானாகப் போயிற்று. ஒரு மாதமாகப் பழகிய கை அல்லவா? கீர்த்தனியின் டோக்கன் 'கரை'ப் பக்கம் ஏறியது. சிந்துஜன் கடிகாரத்தை நிறுத்திவிட்டுத் துள்ளினான்.

அதே நொடியில் கச்சான் ஒரு உதறு உதறியது. நிழலுக்குப் போட்டிருந்த கூடாரம் கால் பிடுங்கிக்கொண்டு எழும்பியது. துணி, கம்பு, துவாய், தண்ணீர்ப் போத்தல் எல்லாம் மணலில் உருண்டன. துவாரகன் சேர் விசில் ஊதினார். "எல்லாரும் வெளியில! கூடாரத்தைப் பிடியுங்கோ!" பிள்ளைகள் கடலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு கூடாரத்துக்குப் பின்னால் ஓடினார்கள். ஷிஃபானாவும் ஓடினாள்.

கூடாரத்தை மடக்கிக் கட்டுவதற்குள், அபூதாஹிர் அந்தக் கடைசிச் சோடியை ஏற்றிக்கொண்டு வந்து சேர்ந்தார். சேர் பலகையைப் பார்த்தார். விரலால் தொட்டுத் தொட்டு எண்ணினார். 'கடல்' பக்கம் வெறுமை. 'கரை'யில் பன்னிரண்டு.

"சரி. ஒருத்தரும் உள்ளுக்க இல்ல. பஸ்ஸில ஏறுங்கோ."

ஷிஃபானா பஸ்ஸில் ஏறி, பக்கத்து இருக்கையில் பையை வைத்துக் கீர்த்தனிக்கு இடம் பிடித்தாள். எல்லாரும் ஏறினார்கள். கீர்த்தனி வரவில்லை.

"கீர்த்தனி எங்க?" என்று கேட்டாள்.

"தாய் வந்து கூட்டிக்கொண்டு போயிருப்பா," என்றான் சிந்துஜன், முன் இருக்கையிலிருந்து. "அவளுக்கு ஏதாவது ஒரு வகுப்பு இருக்கும். அவளின்ர தலைக்குள்ள ஒரு நேரசூசியே ஓடுது."

சிலர் சிரித்தார்கள். ஷிஃபானாவும் அதை நம்பப் பார்த்தாள். நம்புவதற்கு ஆசையாக இருந்தது, பிள்ளைகளே. நம்பிவிட்டால் எழும்ப வேண்டியதில்லை. துவாயை எடுக்கப் பைக்குள் கையை விட்டாள்.

விரலில் ஒரு கூடு தட்டுப்பட்டது. கண்ணாடிக் கூடு.

கண்ணாடி இல்லாமல் கீர்த்தனி தாயின் காரையே கண்டுபிடிக்க மாட்டாள். அவள் எங்கும் போகவில்லை.

பஸ்ஸின் இயந்திரம் உறுமத் தொடங்கியது. ஷிஃபானா கூட்டைக் கையில் இறுக்கியபடி ஓடி வந்து படியில் நின்ற சேரின் கையைப் பிடித்தாள்.

"சேர், கீர்த்தனி இல்ல."

"ஏன் இல்ல? டோக்கன் கரையில கிடக்கே. நான்தானே எண்ணினனான்."

"இல்ல சேர். அவளுட கண்ணாடி என்ட கையில இரிக்கு."

"பிள்ளை, அவள் ஏறி வராம டோக்கன் எப்பிடி ஏறும்? பலகை—"

அங்கே நிறுத்தினார். ஷிஃபானாவின் முகத்தைப் பார்த்தார்.

சொன்னால் சோடி போகும், மாகாணம் போகும், தலைவிச் சின்னம் போகும், வகுப்பின் கொடி போகும். வீட்டில் உம்மாவின் முகம் எப்படிப் போகும் என்றும் அவளுக்குத் தெரியும். இத்தனையும் ஒரு மூச்சு இழுக்கிற நேரத்துக்குள் அவள் நெஞ்சுக்குள் வந்து நின்றன. வெளியே காற்று பஸ்ஸின் கண்ணாடிகளில் மணலை வாரி அடித்தது.

"நான்தான் சேர் போட்டனான்," என்றாள். "அவள் வர முன்னம் போட்டுட்டன். அவள் தண்ணிக்குள்ள, சேர்."

துவாரகன் சேர் படியிலிருந்து குதித்தார். மணலில் பாய்ந்து ஓடினார். "நானா! எஞ்சினைப் போடுங்கோ! ஒரு பிள்ளை உள்ளுக்க!"

படகைக் கட்டிக்கொண்டிருந்த அபூதாஹிர் கயிற்றை அப்படியே விட்டார். "யா அல்லாஹ். எந்தப் புள்ள? எங்க கண்ட கடைசியா?"

பின்னாலேயே ஓடி வந்த ஷிஃபானா கையை நீட்டினாள். "பார்ஜுக்கு இந்தப் பக்கம், மாமா. நேரா. முப்பது கைவீச்சு."

"எவ்வளவு நேரம்?"

சேர் கடிகாரத்தைப் பார்த்தார். "இருபத்தஞ்சு நிமிசம் இருக்கும்."

அபூதாஹிர் காற்றைப் பார்த்தார். நாலு சுருக்கமுள்ள அந்த நெற்றி இன்னும் சுருங்கியது. "இந்தக் காத்துக்கு ஒரு தென்னம்மட்டையப் போட்டாலும் நேரா நிக்காது. பார்ஜைச் சுத்தி அந்தப் பக்கம்தான் கொண்டு போய் விடும். ஏறு புள்ள, நீயும் ஏறு. கண்ட கண்ணு நீதான்."

உயிர்காப்பு அங்கியை அவள் தலையால் மாட்டிவிட்டார்கள். படகு பாய்ந்தது. பச்சைத் தண்ணீர். பச்சைத் தொப்பி. ஒவ்வொரு சின்ன அலையும் ஒரு தலை மாதிரித் தெரிந்தது. கிட்டப் போனால் நுரை. ஷிஃபானா தனக்குத் தெரிந்த ஓதல்களையெல்லாம் ஒன்றோடொன்று கலந்து ஓதினாள். துவாரகன் சேர் சிவப்பு மிதவைக் குழாயின் கயிற்றைத் தோளில் போட்டுக்கொண்டு படகின் மூக்கில் நின்றார். "கீர்த்தனீ!" என்று கூப்பிட்ட குரலைக் காற்று வாங்கிக்கொண்டு போயிற்று.

பார்ஜின் வாலைத் தாண்டியதும் ஷிஃபானா எழும்பினாள். "அங்க!"

பார்ஜின் பின்பக்க நங்கூரச் சங்கிலி தண்ணீருக்குள் இறங்குகிற இடத்தில், துருவுக்கு நடுவே ஒரு பச்சைப் புள்ளி. கீர்த்தனி ஒரு கையால் சங்கிலியைக் கட்டிப்பிடித்திருந்தாள். தண்ணீர் அவள் தாடை வரை ஏறி இறங்கியது. கண்ணாடி இல்லாத கண்களுக்குப் படகு ஒரு வெள்ளை மங்கலாகத் தெரிந்திருக்க வேண்டும். இயந்திரச் சத்தம் வந்த பக்கம் முகத்தைத் திருப்பினாள். மற்றக் கையை மெல்லத் தூக்கினாள்.

உச்சந்தலையில் வைத்தாள்.

"சுகமா இருக்கிறாள்!" துவாரகன் சேரின் தோள்கள் ஒருமுறை தளர்ந்தன. "கடவுளே... நானா, சுகம் எண்டு காட்டுறாள்."

"நேராப் போக ஏலாது சேர்," என்றார் அபூதாஹிர், வேகத்தைக் குறைத்துக்கொண்டு. "இதுக்குள்ள முழுக்கப் பழைய கயிறு கெடக்கு. எஞ்சின்ல சுத்திக்கிட்டா மூணு பேரும் இங்கதான். அந்தப் பக்கத்தால வளைஞ்சு வரணும். அஞ்சு நிமிசம். புள்ள புடிச்சிக்கிட்டு இரிக்கிதானே?"

"ஓம், வளைஞ்சு போவம்—"

"இல்ல சேர்!" ஷிஃபானா அலறினாள். "அது பொய்! அவள் எப்பவும் அப்பிடித்தான் காட்டுவாள். காலமை சிவப்புப் போடப் போனவள், நான்தான் புடுங்கிப் பச்சையாக்கினனான். அவளுக்கு ஏலாது சேர். அஞ்சு நிமிசம் ஏலாது!"

சேர் அவளைப் பார்த்தார், தண்ணீரைப் பார்த்தார், குதித்தார்.

அறுபது மீற்றர் இருக்கும். மிதவைக் குழாய் பின்னால் துள்ளித் துள்ளிப் போயிற்று. ஷிஃபானா அவருடைய கைவீச்சை எண்ணினாள். இருபது. முப்பது. நடுவில் ஒரு கயிறு அவர் காலைப் பிடித்தது; உதறினார். நாற்பது. கீர்த்தனியின் கை இன்னமும் தலையில்தான் இருந்தது. பிறகு அது தலையிலிருந்து வழுக்கியது. சங்கிலியைப் பிடித்திருந்த கையும் திறந்தது. அவள் ஒரு சத்தமும் போடவில்லை. பச்சைத் தொப்பியின் மேல் தண்ணீர் மூடிக்கொண்டது.

சேர் தலைகீழாக அமிழ்ந்தார்.

பக்கத்தில் இருப்பவரின் கையைப் பிடித்திருக்கிறீர்கள்தானே? பிடியுங்கள்.

தண்ணீர் மூடியபடியே இருந்தது. அபூதாஹிர் படகை வளைத்துக்கொண்டே அந்த இடத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை. ஷிஃபானாவின் கைக்குள் கண்ணாடிக் கூடு நெரிந்தது.

முதலில் சிவப்புக் குழாய் துள்ளியது. பிறகு சேரின் தலை. பிறகு அவர் கக்கத்துக்குள் ஒரு பச்சைத் தொப்பி. அந்தத் தொப்பிக்குக் கீழே ஒரு வாய் திறந்து, இருமி, இழுத்து, மறுபடி இருமியது.

ஏற்றிவிட்டார்கள். கீர்த்தனி படகின் அடியில் ஒருக்களித்துக் கிடந்து தண்ணீர் தண்ணீராகச் சத்தி எடுத்தாள். ஒரு கால் தொடை வரை குறண்டல் பிடித்து இழுத்துக்கொண்டு நின்றது. அபூதாஹிர் மாற்றுடுப்பாக வைத்திருந்த சாரத்தை எடுத்து அவளைச் சுற்றினார். பல் கிடுகிடுக்க, கண்ணைத் திறவாமலே அவள் சொன்ன முதல் வார்த்தை என்ன தெரியுமா?

"எனக்கு ஒண்டுமில்ல, சேர்."

"ஒண்டுமில்லையாம்!" என்றார் அபூதாஹிர். "அரைக் குடாவக் குடிச்சிட்டு ஒண்டுமில்லையாம். மிச்ச அரையையும் குடிச்சாத்தான் சொல்லுவியா புள்ள?"

ஷிஃபானா முழங்காலில் நின்று கண்ணாடியை அவள் முகத்தில் மாட்டிவிட்டாள். அவளுக்கு முதலில் தெரிந்தது ஷிஃபானாவின் முகம்தான்.

"நான் நெடுகப் பாத்தனான்," என்றாள் மெதுவாக. "டோக்கன் கடலில கிடக்கும், எண்ணிப்போட்டு வருவினம் எண்டு. ஏன் வரேல்ல?"

"டோக்கன் கரையில இருந்திச்சு."

"ஆர் போட்டது?"

"நான்."

கீர்த்தனி கண்ணை மூடினாள். "காலமையும் நீதான்," என்றாள். பிறகு முகத்தை மற்றப் பக்கம் திருப்பிக்கொண்டாள். கரை வந்து சேரும்வரை திரும்பவே இல்லை. ஷிஃபானாவும் அழவில்லை. அழுவதற்குத் தனக்கு உரிமை இல்லை என்று நினைத்தாளோ என்னவோ, சாரத்தின் நுனியை மட்டும் பிடித்துக்கொண்டிருந்தாள்.

அம்புலன்ஸ் வந்தது. நெஞ்சில் தண்ணீர் இருக்கிறதா என்று பார்ப்பதற்காக இரண்டு நாள் ஆஸ்பத்திரியில் வைத்திருந்தார்கள். வாசலில் கீர்த்தனியின் தாய் பிரசாந்தினி மிஸ்ஸுக்கு முன்னால் போனை நீட்டினாள். "பச்சை எண்டுதானே மிஸ் அனுப்பினீங்கள்? இந்தாப் பாருங்கோ. நான் இதயப் படமும் போட்டிருக்கிறன்." மிஸ் அந்தப் படத்தைப் பார்த்தார். தாய் போனை அணைத்துப் பைக்குள் போட்டாள். சனிக்கிழமை நடனம், ஞாயிறு ரியூசன், எல்லாம் அவளே பணம் கட்டிச் சேர்த்தவைதானே.

வெள்ளிக்கிழமை காலை ஒன்பதாம் வகுப்பில் மிஸ் வந்து நின்றார். கையில் அந்த மஞ்சள் கொடி. விரிக்கவில்லை, மடித்தபடி மேசை லாச்சிக்குள் வைத்தார்.

"சேர் அறிக்கை எழுதிக் குடுத்திட்டார்," என்றார். "முதல் பிழை தன்னில எண்டு எழுதியிருக்கிறார். டோக்கனை எண்ணினனான், முகத்தை எண்ணேல்ல எண்டு. ரெண்டாவது பிழை என்னில. உங்களை வாய் திறக்கச் சொல்லிப்போட்டு, வாய்க்குப் பூட்டுப் போட ஒரு பரிசையும் வைச்சனான்."

ஷிஃபானா எழும்பித் தலைவிச் சின்னத்தைக் கழற்றி மேசையில் வைத்தாள். "டோக்கன் போட்டது நான்தான், மிஸ்."

கதிரை ஒன்று கீச்சிட்டது. சிந்துஜன் எழும்பி நின்றான். "போடு எண்டு கத்தினது நான், மிஸ். கடிகாரத்தை நிப்பாட்டினதும் நான்."

மிஸ் சின்னத்தைத் திருப்பிக் கொடுக்கவும் இல்லை, எடுத்துக்கொள்ளவும் இல்லை. அது மேசையிலேயே கிடந்தது. அன்றிலிருந்து பலகையைப் படம் பிடிப்பது நின்றது. கடற்கரையில் துவாரகன் சேர் பெயரைக் கூப்பிட்டு, முகத்தைப் பார்த்து, கையைத் தொட்டு எண்ணத் தொடங்கினார்.

திங்கட்கிழமை கீர்த்தனி வந்தாள்.

அவள் யாரையும் பார்க்காமல் நேரே பலகைக்குப் போனாள். தன் டோக்கனை எடுத்தாள். சங்கிலி உரசிய இடங்களில் உள்ளங்கை இன்னும் பொருக்குத் தட்டியிருந்தது. பச்சையைப் பார்த்தாள். சிவப்பைப் பார்த்தாள். மறுபடி பச்சை. மூன்று நாள் ஒழுங்காகத் தூங்கிச் சாப்பிட்டாலும், ஒரு மாதத்துப் பழக்கம் விரலைவிட்டு அவ்வளவு இலேசாகப் போகுமா?

ஒரு அடி பின்னால் ஷிஃபானா தன் டோக்கனைக் கைக்குள் மூடியபடி நின்றாள். உதவி செய்து பழகிய அவள் கை, தானாக, ஒரு சாண் எழும்பியது. கண்டுகொண்டாள். அந்தக் கையை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோய் மற்றக் கையால் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். நகம் பதிந்தது. விடவில்லை.

கீர்த்தனி டோக்கனைச் சிவப்புத் தெரிய மாட்டினாள்.

யாரும் முணுமுணுக்கவில்லை.

"இண்டைக்கு வயலினுக்குப் போகமாட்டன்," என்றாள் பலகையைப் பார்த்தபடி, யாருக்கென்று இல்லாமல். "வீட்டிலயும் சொல்லிப்போட்டன். அம்மா அழுதவ. பிறகு, சரி எண்டவ."

திரும்பினாள். ஷிஃபானாவின் கொளுக்கி வெறுமையாக இருப்பதைக் கண்டாள்.

"உன்ர எங்க?"

ஷிஃபானா முதுகுக்குப் பின்னாலிருந்து கையை எடுத்து விரித்தாள். உள்ளங்கையில் டோக்கன் வியர்வையில் நனைந்திருந்தது. முன்னால் வந்து தன் கையால் மாட்டினாள். அதுவும் சிவப்பு.

"உனக்கென்ன?" என்றாள் கீர்த்தனி. குரலில் இன்னும் கோபம் இருந்தது.

"நாலு நாளா நித்திரை இல்ல. கண்ண மூடினா உன்ட தொப்பிதான் தெரியுது."

கீர்த்தனி மன்னித்தேன் என்று சொல்லவில்லை; அது ஒரு நாளில் சொல்கிற வார்த்தை இல்லை. உள்ளே போய் வாங்கில் உட்கார்ந்தாள். கண்ணாடியைத் துடைத்தாள். போட்டாள். பிறகு பக்கத்தில் வைத்திருந்த பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, ஒரு ஆள் இருக்கிற அளவுக்குத் தள்ளி இருந்தாள்.

ஷிஃபானா போய் அந்த இடத்தில் இருந்தாள்.

கதை அவ்வளவுதான், கண்ணுகளே. இனிப் பிடித்த கையை விடலாம், விடாமலும் இருக்கலாம். வீட்டுக்குப் போங்கள். உங்கள் வீட்டு அடுப்பு அணையாமல் இருக்கட்டும், கிணறு வற்றாமல் இருக்கட்டும். கடலுக்குப் போனவர்கள் காற்றுக்கு முன்னால் கரை சேரட்டும், பள்ளிக்குப் போனவர்கள் பசியோடு வந்து வயிறு நிறையச் சாப்பிடட்டும். "எனக்கு ஏலாது" என்று உங்கள் வீட்டில் யார் சொன்னாலும், சின்னதோ பெரிதோ, கேட்கிற ஒரு காதும் தள்ளி இருந்து இடம் விடுகிற ஒரு மனமும் அந்தக் கூரைக்குக் கீழே என்றும் குறையாமல் இருக்கட்டும்.